லேப்டாப்புக்குப் புது டிஸ்க்: கடைக்குப் போகும் முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

லேப்டாப் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்றால், டிஸ்க்கை மாற்றிவிடலாம் என்ற முடிவு சரியானதுதான். ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது, "512 ஜிபி போதுமா, 1 டிபி போடலாமா?" என்பது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. தவறாக வாங்கப்பட்டு என் கைக்கு வந்த டிஸ்க்குகளில் கொள்ளளவு எப்போதும் சரியாகத்தான் இருந்தது. அந்த லேப்டாப்புக்கு அது ஏற்றதா என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

என் அக்கா மகள் சென்ற ஆண்டு எம்.2 எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவந்தாள். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் மெமரி சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க். சூயிங்கம் பட்டை அளவுள்ள அந்தப் பலகை ஸ்லாட்டில் தடையின்றி நுழைந்தது, நீளம் பொருந்தியது, திருகும் இறங்கியது. ஆனால் விண்டோஸ் திறக்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயோஸில் டிஸ்க் இருப்பதாகவே காட்டவில்லை. பலகை பழுது என்று அவள் கலங்கிவிட்டாள். பலகையில் பழுதே இல்லை. டிஸ்க் லேப்டாப்போடு தகவல் பரிமாறும் முறைகள் இரண்டு: பழைய சாட்டா, புதிய என்விஎம்இ. அவள் வாங்கியது சாட்டா வகை. அவளுடைய லேப்டாப் ஸ்லாட்டோ என்விஎம்இ வகையை மட்டுமே ஏற்பது.

மிக அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். விளிம்பிலுள்ள வெட்டுகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஆனால் இரண்டு வெட்டு உள்ள என்விஎம்இ பலகைகளும் உண்டு. ஆகவே பழைய பலகையின் லேபிளைப் படியுங்கள். அதில் உள்ள 2280 போன்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். சில லேப்டாப்களில் 42 மில்லிமீட்டருக்குத்தான் இடம் இருக்கும். டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்கள் பழுதுபார்ப்புக் கையேடுகளைத் தங்கள் தளங்களிலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. உங்கள் மாடலின் கையேட்டில் அந்த ஸ்லாட் எதை ஏற்கும் என்று தேடிப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் வீணாகாது. சில லேப்டாப்களில் மாற்றவே வழியில்லை என்பதும் அப்போதுதான் தெரியும். 2018 முதல் வந்த மேக்புக் ஏர்களில் சேமிப்புச் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளன.

பழைய லேப்டாப் என்றால் உள்ளே இருப்பது 2.5 அங்குல டிஸ்க். அங்கே கவனிக்க வேண்டியது தடிமன். 7 மில்லிமீட்டர் இடத்தில் 9.5 மில்லிமீட்டர் டிஸ்க் நுழையாது. பெரிய இடத்தில் மெல்லியதை வைக்கலாம். ஆடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் போதும்.

இன்னொரு தவறு, விலை குறைவு என்று மறுபடியும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கையே வாங்குவது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிவினாடி ஆகும். தேவையான தகவல் ஊசியின் கீழே வர, சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் தனி. விண்டோஸ் திறக்கும்போது இந்தக் காத்திருப்பு ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது. போதாக்குறைக்கு, இன்று கிடைக்கும் 1 டிபி, 2 டிபி மெல்லிய டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறி நிற்பதுபோலத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்றுமே தங்கள் சில மாடல்களில் இம்முறை இருப்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் விற்றது 2020-இல் தெரியவந்தது. திரைப்படங்களைச் சேர்த்து வைக்க இந்த டிஸ்க் போதும். விண்டோஸை இதில் வைக்காதீர்கள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி வரை படிக்கும். பழைய லேப்டாப்புக்கு அதுவே மறுபிறவி.

நம்பமுடியாத விலையில் "16 டிபி எஸ்எஸ்டி" என்று இணையத்தில் கண்டால் தொடாதீர்கள். உள்ளே சிறிய மெமரி கார்டை வைத்து, கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும் மென்பொருளை ஏற்றி விற்கிறார்கள். உண்மையான இடம் நிறைந்தபின் எழுதும் கோப்புகள் சத்தமில்லாமல் அழியும். எதை வாங்கினாலும், திருப்பித்தரும் காலம் முடிவதற்குள் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிச் சரிபாருங்கள். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது மட்டும் ஏமாற்றல்ல, கணக்கிடும் முறையின் வேறுபாடு.

பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன், டிஸ்க்கிலுள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கிலுள்ள புகைப்படங்களை யாராலும் மீட்க முடியாமல் போகலாம். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் முழு நகல் எடுக்க உட்காராதீர்கள். சாகும் டிஸ்க் அந்த வேலையைத் தாங்காது. முக்கியமான கோப்புகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

அக்கா மகளின் பலகையைக் கடையில் மாற்றிக்கொடுத்தார்கள். என்விஎம்இ பலகையைப் பொருத்தியதும் பயோஸில் பெயர் தெரிந்தது. பழைய டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். மூன்றாவது வாரம், அதிலிருந்து ஒரு ஆய்வறிக்கையை எடுக்க வேண்டியிருந்தது.