ஸ்ட்ரூப் சோதனை அறிக்கைகளைத் திருத்தும் கற்பித்தல் உதவியாளருக்கு

அறிமுக உளவியல் வகுப்பில், ஸ்ட்ரூப் சோதனை (ஒரு நிறத்தின் பெயரை வேறு நிற மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் சோதனை) பற்றிய 40 ஆய்வக அறிக்கைகள் மொத்தமாக வந்து சேரும். முதல் தாளிலேயே மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். பெயர்களை மறைத்து, ஐந்தாறு தாள்களைச் சும்மா படித்துப் பாருங்கள். பிறகு மதிப்பெண் போடும் அளவுகோலைப் பேராசிரியரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் காலையில் திருத்திய தாளுக்கு ஒரு நியாயம், இரவில் திருத்தியதற்கு வேறு நியாயம் என்றாகிவிடும்.

தாள் தாளாகப் போகாமல், எல்லோருடைய செய்முறைப் பகுதியையும் ஒருசேர முடியுங்கள். அடுத்து முடிவுகள். பிழைகள் குவிவது இங்கேதான். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் திரையில் பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தெரிவதற்கான வாய்ப்பு) .000 என்று தெரிந்தால் மாணவர் அப்படியே எழுதிவிடுவார். அது பூஜ்யம் அல்ல, மூன்று தசம இடத்துக்குச் சுருக்கிய எண். '.001-ஐ விடக் குறைவு' என்று எழுதச் சொல்லுங்கள். 'கருதுகோள் நிரூபிக்கப்பட்டது' என்ற வரியை வெறுமனே அடிக்காமல், 'தரவு கருதுகோளை ஆதரிக்கிறது' என்று ஓரத்தில் எழுதிக் காட்டுங்கள்.

விவாதப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். சிவப்பு மையில் அச்சிட்ட 'பச்சை' என்ற சொல்லைப் பார்த்து மையின் நிறத்தைச் சொல்ல ஏன் தாமதமாகிறது? வாசிப்பு தானாக நடந்து குறுக்கிடுகிறது என்பதை மாணவர் தம் சொற்களில் சொல்லியிருந்தால், நடை தடுமாறினாலும் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம்.

மறுதிருத்தம் கேட்பவரிடம் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, முழுத் தாளையும் மீண்டும் பாருங்கள்.