கான்கால் போகிறீர்களா? முதலில் கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள்

ஹோட்டல் எல்லாம் அப்புறம். பிரான்சின் வடமேற்கே பிரிட்டனி (Brittany) பகுதியின் கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில், பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 13 மீட்டர் வரை வித்தியாசம் வரும், கிட்டத்தட்ட நாலு மாடி உயரம், அதனால் தண்ணீர் நிறைந்திருக்கும்போது போய் இறங்கினால் வெறும் கடல்தான் தெரியும். வற்றிய பிறகுதான் சிப்பிப் பண்ணையே வெளியே வரும்: இரும்புச் சட்டங்களின் மேல் வரிசை வரிசையாக வலைப் பைகள், நடுவில் சேற்றைக் கிழித்துக்கொண்டு டிராக்டர்.

பாரிஸ் மோன்பர்னாஸில் ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் சான் மாலோ, அங்கிருந்து பஸ். ஊர் மேட்டில் இருக்கிறது, துறைமுகம் கீழே, லா ஊல் என்ற பகுதியில்.

கரையோர உணவகங்களைப் பார்த்து மயங்காமல் கலங்கரை விளக்கம் வரை நடங்கள். அங்கே கூடாரம் போட்டுச் சிப்பி விற்பார்கள். சிப்பியின் அளவைச் சொல்லும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், எண் குறையக் குறைய சிப்பி பெரிதாகும். இது தெரியாமல் நான் முதல் தடவையே 0 வாங்கி, வாயை மூட முடியாமல் திண்டாடினேன். புதிதாகச் சாப்பிடுகிறவர்களுக்கு 4 போதும். ஒரு டஜன் சொன்னால் அங்கேயே கத்தியால் திறந்து, எலுமிச்சையோடு தட்டில் அடுக்கித் தருவார்கள். எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்காருங்கள். எலுமிச்சையை ஒரு சொட்டுப் பிழிந்தால் ஓரம் லேசாகச் சுருங்கும், உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விழுங்காமல் இரண்டு மெல்லு மெல்லுங்கள், உப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு வரும். ஓட்டைக் கீழே கரையில் வீசிவிடலாம், அங்கே எல்லோரும் செய்வது அதுதான், கரையே ஓடுகளால் வெளுத்துக் கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் எதிரே மோன் சான் மிஷெல், அதாவது பாறைத் தீவின் உச்சியில் நிற்கும் பழைய மடாலயம், தெரியும்.

கோடையில் சிப்பிக்குச் சினைப் பருவம், உள்ளே பால் மாதிரி இருக்கும். கெட்டுப்போனதில்லை, ஆனால் அந்த வழவழப்பு எனக்கு ஒத்துவராது. கர்ப்பிணிகளும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் பச்சைச் சிப்பியைத் தொடவே வேண்டாம், அவர்களுக்கு இந்த விரிகுடாவில் வளரும் மஸ்ஸல் என்ற கறுப்பு ஓட்டுச் சிப்பி வகை இருக்கிறது, நன்றாக வேகவைத்தே தருவார்கள். சைவக்காரர் கூட வந்தால் கலெத் வாங்கிக் கொடுங்கள். மரக்கோதுமை (பக்வீட்) மாவில் சுட்ட கருத்த தோசை மாதிரி, உள்ளே சீஸ், முட்டை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.