பீடித் தொழிலாளரிடம் ஆய்வு: நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறும் முறை

திருநெல்வேலி மாவட்டத்தின் முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களின் நுரையீரல் திறனை ஆராய விரும்பும் மாணவர், முதல் பெண்ணிடம் பேசுவதற்கு முன்பே ஆய்வில் பங்கேற்போரின் நலனும் உரிமையும் காக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் தம் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தகவலைத் திரட்டிவிட்டு முன்தேதியிட்டு ஒப்புதல் கேட்பதற்கு இடமே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி இக்குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருப்பர். தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவர், சமூக அறிவியலாளர், துறை சாராத பொதுநபர் ஆகியோரும் அமர்வர். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 5 பேர் வர வேண்டும்.

ஆய்வுத் திட்டம், வினாப்பட்டியல், தமிழிலான தகவல் தாள், ஒப்புதல் படிவம் ஆகியவற்றை குழுவின் அலுவல்களைக் கவனிக்கும் உறுப்பினர் செயலரிடம் அளிக்க வேண்டும். பரிசீலனையிலிருந்து விலக்கு, சில உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும் விரைவுப் பரிசீலனை, முழுக்குழுப் பரிசீலனை என மூன்று வழிகள் உண்டு. வறுமையால் நலிந்தோரிடம் செய்யும் ஆய்வு முழுக்குழுவுக்கே போகும் என்று எண்ணித் தயாராவது நல்லது.

பெரும்பாலான மாணவர்கள் புள்ளியியலுக்கே அஞ்சுகிறார்கள். ஆனால் குழு துருவிக் கேட்பது ஆட்களை எப்படி அணுகுவீர்கள் என்பதைத்தான். பீடிக்கடை ஏஜெண்டு வழியாகத் திரட்டுவதாக எழுதினால், இலையும் தூளும் தருபவர் கூப்பிடும்போது அந்தப் பெண்ணால் மறுக்க முடியுமா என்ற கேள்வி எழும். ஆகவே கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக அணுகுவதாகவும், எவருடைய பரிசோதனை முடிவும் கடைக்குப் போகாது என்றும், மறுப்பதாலோ இடையில் விலகுவதாலோ அவருக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையாது என்றும் தெளிவாக எழுத வேண்டும். பேருந்துக் கட்டணத்தையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யலாம். அதற்கு மேல் பெருந்தொகை கொடுப்பது ஆசை காட்டுவதாகும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் தாளை முழுவதும் வாசித்துக் காட்டி, கைரேகையும் சாட்சியின் கையொப்பமும் பெற வேண்டும். மூச்சுக் குறைவு கண்டறியப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு எவ்வாறு அனுப்புவீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். இதை விட்டுவிட்ட திட்டம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

குழு ஒப்புதல் தரலாம், திருத்தம் கேட்கலாம், காரணம் கூறி மறுக்கலாம். தம் சொந்த ஆய்வு விவாதத்துக்கு வரும்போது உறுப்பினர் முடிவெடுப்பதிலிருந்து விலகிக்கொள்வார். மருந்துப் பரிசோதனை என்றால் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் பற்றிய 2019ஆம் ஆண்டு விதிகள் தனியாகப் பொருந்தும். ஒப்புதலுக்குப் பின் வினாப்பட்டியலில் ஒரு கேள்வியைச் சேர்ப்பதாக இருந்தாலும், அதைக் குழுவுக்கு அனுப்பி அனுமதி வந்த பிறகே களத்தில் கேட்க வேண்டும்.