மரக் காற்றாடி ஏன் சுற்றவில்லை? புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் வீடு. வைகாசி பிறந்துவிட்டால் மாடியில் காயப்போட்ட துணி தங்காது. பனையோலையைக் கிழித்து, நடுவில் முள்ளைக் குத்தி, காற்றாடியோடு தெருவில் ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் பட்டறைக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தன் கையால் ஒரு மரக் காற்றாடி செய்து கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு. ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். உளியைத் தீட்டுங்கள், விரல் பத்திரம் என்பதெல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

இரண்டு இறகையும் ஒரே பலகைபோலச் சாய்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வரும். காரணம், தவறு நடப்பது முதல் கோட்டிலேயே. தெரியவருவதோ கடைசி நாளில்.

தங்கை மகளுக்காக நான் செய்த முதல் காற்றாடி, நல்ல தேக்குத் துண்டு. நான்கு நாள் சாயங்காலம் உட்கார்ந்து செதுக்கி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, மஞ்சளும் சிவப்பும் அடித்தேன். பிறந்தநாளன்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். நல்ல ஆனிக் காற்று. காற்றாடி நடுங்கியது, சுற்றவில்லை. பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதிப் பார்த்தாள். அப்புறம் விரலால் சுற்றிவிட்டாள். ஒரு சுற்று வந்து நின்றது. "மாமா, இது தூங்குது" என்றாள்.

நடந்தது இதுதான். 30 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம் உள்ள கட்டை. அதன் ஒரு முனையில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கோடு போட்டேன். மறுமுனையிலும் அதே கோடு நேராகத் தொடரும்படி போட்டேன். கண்ணுக்கு அதுதான் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அப்படிச் செதுக்கினால் கிடைப்பது சாய்ந்த பலகை ஒன்றுதான். காற்று இரண்டு இறகையும் ஒரே பக்கமாகத் தள்ளும். குடை ராட்டினத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பேர் நின்று, இருவருமே வடக்கு நோக்கித் தள்ளினால் ராட்டினம் எப்படிச் சுற்றும்?

சரியான வழி இது. கட்டையை மேசையில் படுக்க வையுங்கள். ஒரு முனைக்கு நேராக நின்று, இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் கோடு போடுங்கள். கட்டையைப் புரட்டாமல் நீங்கள் எழுந்து மறுபக்கம் போங்கள். அங்கேயும் இடது மேலிருந்து வலது கீழ். நடுவில் 4 செ.மீ. தொடாமல் விட்டு, அங்கிருந்து நுனியை நோக்கிச் செதுக்குங்கள். பாதி வேலையில் கட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். முன்னிறகும் பின்னிறகும் பெருக்கல் குறிபோலக் குறுக்கிட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினாற்போலத் தெரிந்தால் உளியைக் கீழே வைத்துவிடுங்கள்.

போன வாரம் ஒரு தம்பி பெயிண்ட் காயாத காற்றாடியோடு வந்து நின்றார். "அண்ணே, எண்ணெய் விட்டும் சுத்த மாட்டேங்குது." எண்ணெய் என்ன செய்யும்? நீளவாக்கில் பிடித்துக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. செதுக்கிய மரத்தை ஒட்டவைக்க முடியாது, புதுக் கட்டைதான் எடுக்க வேண்டும். தயவுசெய்து பெயிண்டுக்கு முன்னால், உப்புத்தாளுக்கும் முன்னால், பாதியிலேயே பாருங்கள்.

நடுத் துளையைக் கடைசியில் போடுவது

செதுக்கிய இறகை டிரில்லுக்கு அடியில் நேராக உட்காரவைக்கவே முடியாது. துளை கொஞ்சம் சாய்ந்தாலும் காற்றாடி தலையை ஆட்டிக்கொண்டு சுற்றும், சீக்கிரமே துளை அகன்றுவிடும். கட்டை செதுக்காமல் இருக்கும்போதே துளை போட்டுவிடுங்கள். உள்ளே ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைச் செருகினால் மரம் தேயாது.

ஸ்க்ரூவை இறுக்குவது

காற்றாடியைக் குச்சியில் பிடிக்கும் ஸ்க்ரூவை இறுக்காதீர்கள். முன்னும் பின்னும் வாஷர், நடுவில் கொஞ்சம் ஆட்டம்.

எடையை ஒரே தடவை பார்ப்பது

துளையில் மெல்லிய கம்பியைச் செருகிப் படுக்கையாகப் பிடித்தால் கனமான இறகு கீழே இறங்கும். அதன் பின்பக்கத்தைத் தேயுங்கள். பெயிண்டுக்கும் எடை உண்டு. அடித்துக் காய்ந்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

பரணில் கிடந்த பெயிண்ட்

பிள்ளை இதை வாயில் வைக்கும். வைக்காது என்று நினைக்கவே நினைக்காதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்து எனாமல் டப்பாவைத் தொடவே வேண்டாம். புதிதாக வாங்கும்போதும் டப்பாவில் ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கூர் நுனி

சுற்றும்போது கண்ணில் படும். காசு மாதிரி வட்டமாக்குங்கள்.

வால் வைக்காமல் நடுவது

கையில் பிடித்து ஓடுகிற பிள்ளைக்கு வால் தேவையில்லை, காற்று இருக்கும் பக்கம் அதுவே திரும்பிக்கொள்ளும். மாடியில் நடுவதானால் கண்டிப்பாக வால் வேண்டும். எங்கள் பக்கம் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும். மேற்கைப் பார்த்து ஆணி அடித்தாற்போல நட்டுவிட்டு, ஐப்பசியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து திரும்பியதும் "கெட்டுப்போச்சு" என்று கழற்றிக்கொண்டு வருகிறார்கள். கெடவில்லை. பின்னால் ஒரு சாண் குச்சியில் மெல்லிய பிளைவுட் வாலை வைத்து, அந்தக் குச்சி கம்பத்தின்மேல் தானாகத் திரும்பும்படி விட்டால் போதும்.