மாய உலகம் போன குழந்தையை வீடு கொண்டுவந்து சேர்ப்பது எப்படி

மாய உலகக் கதை எழுதுபவர்கள் பெரும்பாலும் போகும் வழியில்தான் உழைப்பைக் கொட்டுகிறார்கள். கதவு, காவலாளி, பேசும் மிருகம், போர் எல்லாம் பிரமாதமாக இருக்கும். திரும்பி வருவது மட்டும் கடைசி இரண்டு பக்கத்தில் அவசர அவசரமாக முடிந்துவிடும். அதனால் திரும்புவதையே முதலில் திட்டமிடுங்கள். வந்து நிற்கும் குழந்தையின் கண்ணுக்கு வீடு எப்படித் தெரியப்போகிறது என்று முடிவானால்தான், அங்கே அவளுக்கு என்னென்ன நடக்க வேண்டும் என்பதும் பிடிபடும்.

வந்து சேரும் காட்சியை 500 சொற்களில் வரைவாக எழுதிவிடுங்கள். நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதிலிருந்து வீட்டின் ஐந்து அடையாளங்களை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: கைக்கு எட்டாத அலமாரித் தட்டு, முனகும் கதவு, அம்மா பெயரை இழுத்துக் கூப்பிடும் விதம், இப்படி. ஐந்தும் முதல் அத்தியாயத்தில் போகிற போக்கில் வர வேண்டும். திரும்பிய பிறகு மூன்றை மட்டும் தொடுங்கள். ஐந்தையும் வரிசையாகச் சரிபார்த்தால் காட்சி கணக்கெடுப்பாகிவிடும்.

நேரக் கணக்கு

அதிகம் சொதப்புவது இங்கேதான். எழுத உட்காரும் முன் விகிதத்தைத் தாளில் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு நிமிடம் அங்கே ஒரு நாள் என்று வைத்தால், மூன்று மாத சாகசம் இங்கே ஒன்றரை மணி நேரம். ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தாலும் 6 மணி 5 நிமிடம்தான். ஒரு மதியம் காணாமல் போனதாகச் சமாளித்துவிடலாம். இங்கே ஒரு மணி நேரம் அங்கே ஒரு நாள் என்றால், அதே மூன்று மாதம் 3 நாள் 18 மணி நேரமாகிவிடும். அதற்குள் போலீஸ் வந்திருக்கும், பெற்றோர் தூங்கியிருக்க மாட்டார்கள், அக்கம்பக்கம் முழுக்கத் தேடியிருக்கும். அந்த விகிதம் தவறில்லை; ஆனால் அப்போது வீட்டுப் பகுதிக்கு நிறையப் பக்கம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காமல், “எங்கடி போன?” என்ற ஒரே கேள்வியோடு அம்மா அடுப்படிக்குத் திரும்பினால் வாசகர் நம்ப மாட்டார்.

இதே விகிதம் இன்னும் இரண்டு இடங்களில் காலை வாரும். ஒன்று, அக்கா நுழைந்து பத்து நிமிடம் கழித்துத் தம்பி நுழைகிறான் என்றால், நிமிடத்துக்கு ஒரு நாள் கணக்கில் அக்கா அவனுக்காகப் பத்து நாள் காத்திருந்தவள். இரண்டு, மறுபடி போகும் பயணம். ஒரு வாரம் என்பது 10,080 நிமிடம். அங்கே 27 வருடத்துக்கு மேல் ஓடியிருக்கும். விட்டு வந்த சிறுவன் நடுத்தர வயதுக்காரனாகி எதிரே நிற்பான். சி. எஸ். லூயிஸ் ஆங்கிலத்தில் எழுதிய, நார்னியா என்ற மாய உலகத்துக்குக் குழந்தைகள் போய்வரும் நாவல் வரிசையில், 1951இல் வந்த இரண்டாவது நூலில், குழந்தைகள் இங்கே ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் போனால் அங்கே 1,300 வருடம் கடந்திருக்கும். அங்கே நேரத்துக்கு நிலையான விகிதமே கிடையாது. நீங்களும் அப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் யாராலும் கணிக்க முடியாது என்பதைக் கதையின் முற்பகுதியிலேயே ஒரு பாத்திரம் சொல்லிவிட வேண்டும். சிக்கல் வந்தபின் சொன்னால் எழுத்தாளர் தப்பிப்பதாகத்தான் தெரியும்.

உடம்பு

அங்கே கழிந்த காலம் உடம்பில் தெரியுமா, தெரியாதா? ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். தெரியும் என்றால், முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும். ஒன்பது, பத்து வயதில் உயரம் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் கூடும். பால் பற்கள் விழும் பருவம் வேறு. காலையில் அசைந்துகொண்டிருந்த பல் மாலையில் புதிதாக முளைத்து நின்றால், வசனமே இல்லாமல் அம்மா சந்தேகப்படலாம்.

தெரியாது என்றால் தழும்பும் வரக்கூடாது, பலமும் வரக்கூடாது. வாள் சுழற்றத் தெரிந்த மனசு, சுழற்ற முடியாத மணிக்கட்டு. 1950இல் வந்த முதல் நார்னியா நூலில் குழந்தைகள் அங்கே வளர்ந்து ஆட்சி செய்துவிட்டு, கிளம்பிய அதே கணத்துக்குக் குழந்தைகளாகவே திரும்புகிறார்கள். அந்தச் சின்ன உடம்புக்குள் பெரியவரின் மனசு என்ன பாடுபடும் என்பதில் அந்த நூல் நிற்பதில்லை. புதிதாக எழுதுகிறவர்களுக்கு அங்கே நிறைய இடம் இருக்கிறது.

வாசலும் விலையும்

கதை முழுக்க வீட்டுக்கு ஏங்கும் குழந்தைக்கு, கடைசியில் ஒரு தாத்தா வந்து கதவைத் திறந்துவிடுவது சலித்துப்போன முடிவு. திரும்புவதற்கான நிபந்தனை பாதிக் கதைக்குள் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை நிறைவேற்றுவதும் அவளாக இருக்க வேண்டும். கூடவே எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும். நட்பு, பெயர், பறக்கும் திறன், எதுவானாலும் சரி. ஆனால் அதை அவள் பயன்படுத்தி மகிழும் காட்சி குறைந்தது மூன்று முன்னால் வந்திருக்கட்டும். ஒரே ஒருமுறை காட்டியதை இழந்தால் யாருக்கும் வலிக்காது.

ஒரு பொருள் மட்டும் கூட வரலாம். இரண்டு வந்தால் சுற்றுலாப் பரிசாகிவிடும். வராமலே போவதும் நல்ல உத்திதான்: 1900இல் வெளிவந்த, ஆஸ் என்ற மாய நாட்டைப் பற்றிய எல். ஃபிராங்க் பாமின் கதையில், சிறுமி டாரதியை வீட்டுக்குக் கொண்டுவரும் வெள்ளிக் காலணிகள் திரும்பும் வழியிலேயே கழன்று பாலைவனத்தில் தொலைந்துவிடும். அதே கதை 1939இல் திரைப்படமானபோது பயணம் கனவுபோல முடிந்தது. கனவு முடிவை நான் பரிந்துரைப்பதில்லை. கொடுத்த விலை அத்தனையும் ஒரே வரியில் திரும்பக் கிடைத்துவிடுகிறது. முழுக் கதையும் கனவின் தர்க்கத்தில் நகர்ந்திருந்தால் மட்டும் அது பொருந்தும்.

பேச்சு

தமிழில் எழுதுவதால் கிடைக்கும் ஒரு வசதியைப் பலர் தொடுவதே இல்லை. அங்கே எல்லோரும் செந்தமிழ் பேசட்டும், குழந்தை மட்டும் பேச்சுத் தமிழில் தொடங்கட்டும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறட்டும். வீடு வந்ததும் வாய் தவறும்:

“சாப்பிட்டியா?”
“இன்னும் உண்ணவில்லை.”
“என்னடி, நாடகத்துக்கு மனப்பாடம் பண்றியா?”

இதைவிட நுட்பமானது மரியாதை. மன்னரையும் ‘நீ’ என்று அழைக்கும் உலகிலிருந்து வந்தவள், வகுப்பில் ஆசிரியரிடம் ‘நீ’ என்று சொல்லித் திட்டு வாங்கலாம். இந்தச் சறுக்கல்கள் மொத்தம் மூன்று நான்கு போதும். கூடினால் நகைச்சுவைத் துணுக்காகிவிடும்.

வந்த பிறகு

என் அளவு: மொத்தக் கதையில் ஆறில் ஒரு பங்கு. 3,000 சொல் சிறுகதை என்றால் 500 சொல். 40,000 சொல் சிறார் நாவல் என்றால் ஆறாயிரம், ஏழாயிரம். அதில் முதல் ஒரு மணி நேரம், முதல் இரவு, பள்ளிக்குப் போகும் முதல் நாள் மூன்றும் தனித்தனிக் காட்சிகள். இரவுக் காட்சியை விட்டுவிடாதீர்கள். துக்கம் அப்போதுதான் வரும். இரண்டு நிலவு பார்த்துத் தூங்கிய பிள்ளைக்கு ஒற்றை நிலவு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

யார் நம்புகிறார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். எல்லோரும் நம்பினால் அழுத்தமே இல்லை, யாருமே நம்பாவிட்டால் மூச்சு முட்டும். ஒருவர் அரைகுறையாக நம்புவது நல்லது. அது பெரும்பாலும் அம்மா அப்பாவைவிடத் தம்பி தங்கைக்குத்தான் பொருந்தும். உடன்பிறப்புகள் சேர்ந்தே போய் வந்திருந்தால், ஒருவர் மறக்கத் தொடங்கட்டும்.

பெற்றோரை முட்டாளாக்காதீர்கள். நினைவை அழித்துவிடும் மந்திரத்தையும் தவிர்த்துவிடுங்கள்; குழந்தை எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தமாகிவிடும். ‘வீடே சொர்க்கம் என்று அவளுக்குப் புரிந்தது’ மாதிரியான வரி எங்காவது இருந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் குழந்தையின் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: தட்டு கழுவுவது, தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போடுவது.

அடுத்த பாகம் எழுதும் எண்ணம் இருந்தால் வாசலை முற்றாக மூட வேண்டாம். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதைக் குழந்தையும் அறியாமல் வாசகர் மட்டும் அறிவதா, குழந்தை அறிந்தும் போகாமல் இருப்பதா என்பதை இப்போதே முடிவு செய்து, நேரக் கணக்குத் தாளிலேயே எழுதி வையுங்கள். இரண்டாம் பாகத்தில் அவள் எத்தனை நாள் கழித்துப் போகிறாள் என்ற கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.