பனிக்காலையில் பிடிக்காத பழைய பெற்றோல் டிராக்டர்: ஸ்பார்க் எங்கே நின்றுபோகிறது?

நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் இரவு முழுக்கப் பனியில் நின்ற பழைய பெர்கசன் காலையில் சுற்றும், ஆனால் பிடிக்காது. உடனே புதுக் காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட் தரும் சுருள்) வாங்க ஓடாதீர்கள். பல நேரம் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) மூடிக்குள் இருக்கிற ஈரம்தான் காரணம். அது இல்லாவிட்டால் பொயின்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரண்டை விட்டு விட்டு நிறுத்தும் சிறு சுவிட்ச். இது காயிலும் பொயின்ட்டும் உள்ள பெற்றோல், மண்ணெண்ணெய் வண்டிகளுக்கு மட்டும். டீசல் மெசி பெர்கசனில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

பள்ளத்தில் உருட்டினால் பிடிக்கிறது, ஸ்டார்ட்டரில் பிடிக்கவில்லை என்றால் காயிலைத் தொடவே வேண்டாம். ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுவையில் காயிலுக்குக் கரண்ட் போதவில்லை. 12 வோல்ட் பேட்டரி, சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியையும் எர்த் வயரையும் பாருங்கள். எர்த் வயர் சேசிஸில் பூட்டியிருக்கிற இடத்தில் பெயின்ட், துரு எல்லாவற்றையும் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்குங்கள்.

இனி ஸ்பார்க். மூடியின் நடுவிலுள்ள காயில் வயரைக் கழற்றி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் அதன் நுனியை இன்ஜினுக்கு 6 மி.மீ. தள்ளிப் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள். பெற்றோல் சிந்தியிருந்தால் துடைத்து, வாடை போன பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். 'டக் டக்' என்று நீல ஸ்பார்க் பாய்ந்தால் காயிலும் பொயின்ட்டும் நல்லது. கோளாறு மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டர், பிளக் வயர் பக்கம். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ பொயின்ட் பக்கம்.

பொயின்ட்டுக்கு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் போதும். காயில் நடு வயரை இன்ஜினில் எர்த் பண்ணி, சாவியைப் போட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற முனைக்கும் சேசிஸுக்கும் நடுவில் லாம்ப்பை வையுங்கள். இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் பொயின்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும். எப்போதும் எரிந்தால் பொயின்ட் மூடவில்லை அல்லது முகத்தில் அழுக்கு. எரியவே இல்லையா, அந்த முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் கழற்றிவிடுங்கள். இப்போது எரிந்தால் பொயின்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சரோ (பொயின்ட் முகம் எரியாமல் காக்கும் சிறு பாகம்) வயரோ உள்ளே எர்த் ஆகிறது. அப்போதும் எரியாவிட்டால் சாவி, சாவியிலிருந்து வரும் வயர், காயில் என்று பின்னோக்கிப் பாருங்கள். பெல்லாஸ்ட் (காயிலுக்கு முன்னால் கரண்டைக் குறைக்கும் தடை) இல்லாத 12 வோல்ட் காயிலின் இரு சிறு முனைகளுக்கும் இடையே 3 முதல் 4 ஓம் வரை காட்ட வேண்டும்.

பொயின்ட் முகத்தை மெல்லிய அரத்தால் தேயுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் மணல் முகத்தில் பதிந்து மறுபடி எரிக்கும். ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடுமாக எரிந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேம் முனை பொயின்ட்டை முழுதும் திறக்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இடைவெளி பார்க்க வேண்டும். பழைய லூக்காஸ் வகைகள் பலவற்றில் 0.014 – 0.016 அங்குலம். இன்ஜின் நிற்கும்போது சாவியைப் போட்டபடி விட்டால் காயில் சூடேறிப் பொயின்ட்டும் எரியும்.

மூடியைக் கழற்றி உள்ளே வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், எவ்வளவு உலர்த்தினாலும் ஸ்பார்க் அந்தக் கோட்டு வழியே ஓடிவிடும். மூடியை மாற்ற வேண்டியதுதான். கோடு இல்லாவிட்டால் காய்ந்த துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். அடுப்புக்கு மேல் வைக்காதீர்கள். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளேயே வியர்க்கும். இன்ஜினுக்கு மேல் படங்கு போட்டுக் கீழே காற்றுப் போக விடுங்கள்.

பெர்கசன்களில் பல, பேட்டரியின் பொசிட்டிவ் சேசிஸில் எர்த் ஆனவை. அவற்றில் காயிலின் + முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்பார்க் மெலியும். பிளக் வயர் வரிசை டிஇ 20 பெர்கசன் மாடலில் 1-3-4-2, ரோட்டர் சுற்றும் திசையில்.

பிளக் காய்ந்த கரியாய்க் கறுத்திருந்தால் கலவையில் பெற்றோல் அதிகம். நுவரெலியா உயரம் சுமார் 1,868 மீட்டர், அங்கே காற்று ஐதானது. கீழ்நாட்டுக்கு வைத்த கார்புரேட்டர் செட்டிங்கே இங்கே கரி பிடிக்க வைக்கும். துடைத்து, இடைவெளியைச் சுமார் 0.75 மி.மீ. ஆக்குங்கள். பிளக்கில் நீல ஸ்பார்க் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் கார்புரேட்டர் பாத்திரத்தைக் கழற்றி, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள்.