சாலைத் தடுப்பில் ராணுவ வீரர் நின்றால்

இரவு ஷிப்ட் முடிந்து பட்டர்வொர்த், பிறை பக்கமெல்லாம் மோட்டாரில் வீடு திரும்பும் தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். மலேசியாவின் பினாங்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். கைதாகி வந்த பிள்ளைகளில் பலருக்கு, தங்களைப் பிடித்தது யார் என்றே சொல்லத் தெரியாது. அது தெரிந்திருக்க வேண்டும்.

சீருடையின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். போலீஸின் பொது நடவடிக்கைப் படையும் பச்சை உடுப்பில் வரும். சட்டையில் ‘போலிஸ்’ என்று இருக்கிறதா, தரைப்படையைக் குறிக்கும் ‘தெந்தேரா டாராட்’ என்று இருக்கிறதா, படியுங்கள்.

ஐசி, அதாவது அடையாள அட்டை கேட்டால் கொடுத்துவிடுங்கள். 1990ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிகளின்படி, பணியில் இருக்கும் ராணுவத்தினரும் அதைப் பார்க்கலாம். இதில் வாக்குவாதம் வேண்டாம்.

கைது என்பது வேறு. சாதாரண காலத்தில் ராணுவ வீரருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு உங்களுக்கும் எனக்கும் தருவதுதான் அவருக்கும்: ஜாமீன் இல்லாத, வாரண்ட் இன்றிப் பிடிக்கக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் ஆளைப் பிடிக்கலாம், தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அதனால் பணிவாகக் கேளுங்கள்: “சாயா டிதங்காப் கே, துவான்?” (என்னைக் கைது செய்கிறீர்களா, ஐயா?) ஆமாம் என்றால் காரணத்தையும், அங்கே பொறுப்பில் இருக்கும் போலீஸ் அதிகாரி யார் என்பதையும் கேளுங்கள். கையை உதறாதீர்கள், ஓடாதீர்கள்.

இந்த நிலை மாறும் காலமும் உண்டு. 2021 ஜனவரியில் அவசரகாலம் அறிவித்தபோது, அவசரச் சட்டத்தின் 7ஆம் பிரிவு ராணுவத்துக்குப் போலீஸ் அதிகாரங்களைக் கொடுத்தது. அந்த அவசரகாலம் ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு முடிந்தது. 2016இல் நடப்புக்கு வந்த தேசியப் பாதுகாப்பு மன்றச் சட்டத்தின்கீழ் ஓர் இடத்தைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தாலும் படைகளுக்குக் கூடுதல் அதிகாரம் வரும். ஆகவே அப்படி ஏதாவது அறிவிப்பு நடப்பில் இருக்கிறதா என்று செய்தியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். யாரோ அனுப்பும் வாட்ஸ்அப் தகவலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கைதாகிவிட்டால் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் போன் செய்யக் கேளுங்கள். தேசியச் சட்ட உதவி அறவாரிய வழக்கறிஞர்கள் ரிமாண்டில் இலவசமாக உதவுவார்கள். அரசியலமைப்பின் 5ஆவது பிரிவுப்படி, 24 மணி நேரத்துக்குள் உங்களை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் அதில் சேராது. அப்புறம், முதலில் பிடித்த நேரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ வீரர் ஒரு மணிக்குப் பிடித்து, போலீஸ் மூன்று மணி என்று எழுதியிருந்தால், அதை மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும்.